தங்கச்சியைச் சுமந்த இரண்டு வருஷம்

என் முதுகில் ஏறிய முதல் நாளே என் தங்கச்சி என் காதைக் கடித்தாள். வேகமாக நடக்கச் சொன்னாளாம், நான் நடக்கவில்லையாம். அப்போது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. எங்கள் ஊரிலிருந்து மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். முதலில் வரப்பு, அப்புறம் ஏரிக்கரை, அது முடிந்ததும் முனியப்பன் கோயில், அங்கிருந்து வண்டித்தடம். அந்த ஒன்றரை மைலும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சாயந்திரம் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேருடைய பைக்கட்டும் என் கழுத்தில் முன்பக்கமாகத் தொங்கும். அறுபதுகளின் கடைசியில் இரண்டு வருஷம் இது நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு இரக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இரண்டு வயதில் அவளுக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியபோது இடது காலில் சத்து இல்லை. கால் இருந்தது. ஆனால் தொடையிலிருந்து கீழே முருங்கைக்காய் மாதிரி மெலிந்து, சொன்ன பேச்சுக் கேட்காமல் தொங்கியது. அந்த மூன்று நாளில் ஒரு நாள் அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். அப்பா வீட்டுச் சனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது காட்டுக்குப் போனவள் என்று கல்யாணம், காதுகுத்து எல்லா இடத்திலும் சொன்னார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தங்கச்சியின் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருக்கும்போது அம்மாவின் இடுப்பு, வெளியே போனால் என் முதுகு.

தங்கச்சி சும்மா வருகிற பிள்ளை இல்லை. மேலே உட்கார்ந்ததும் ராணியாகிவிடுவாள். "அந்தப் பக்கம் போ", "நெழல்ல போ", "குதிக்காத" என்று வழி முழுக்க உத்தரவு. சொன்னதைச் செய்யாவிட்டால் கழுத்தில் கிள்ளுவாள். கிள்ளிய இடம் வேர்வை பட்டு எரியும். எதிரே வருகிற பெண்கள், "பாவம், என்னா அழகான புள்ளை! காலு மட்டும் இப்படி ஆகாம இருந்திருந்தா" என்று அவள் கன்னத்தைத் தடவுவார்கள். நான் குனிந்து நின்றுகொண்டிருப்பேன். ஒருத்தியாவது கீழே பார்த்து, உனக்குத் தோள் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. வகுப்பில் எனக்குச் 'சவாரி' என்று பேர். "சவாரி வந்துடுச்சு" என்று வாசலிலேயே கத்துவார்கள். தங்கச்சியும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

வீட்டில் கோழி முட்டை அவளுக்கு. பால் அவளுக்கு. ராகிக் களிக்கு மேலே ஊற்றுகிற நெய் அவளுக்கு. எல்லாவற்றையும் விட என்னை வாட்டியது சேலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மா அவளைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். நான் பாலக்கோட்டைத் தாண்டிப் போனதில்லை. அவள் போய்விட்டு வந்து ஒரு வாரத்துக்குக் கதை சொல்வாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓட்டலாம், அங்கே மேசையின் மேல் சலவைக்கல்லாம், தோசை தட்டைவிடப் பெரியதாம், மூன்று சட்னியாம். "நீ தின்னதே இல்லல்ல?" என்று கடைசியில் கேட்பாள். நான் தின்றதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நான் ஏதாவது கேட்டால் அம்மாவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "உனக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்குதே, இன்னும் என்னாடி வேணும்?" பாவாடை கிழிந்துவிட்டது என்றாலும் அதே பதில். தலைவலி என்றாலும் அதே பதில். கேட்டுக் கேட்டு, என் இரண்டு கால்களும் யாரிடமோ திருடிக்கொண்டு வந்தவை மாதிரி எனக்கே தோன்ற ஆரம்பித்தது. குளிக்கும்போது காலைப் பார்க்கக் கூசும். முனியப்பன் கோயிலைத் தாண்டும்போது, எனக்கும் ஒரு கால் போகட்டும் சாமி என்று வேண்டியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் காலுக்கு ஒரு காலிபர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் வார்கள், அடியில் ஒரு கனமான பூட்ஸ். வீட்டில் அதைக் கம்பிச் செருப்பு என்போம். வார் கடிக்கிறது என்று அவள் அழுததால் அம்மா அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் அப்பாவும் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார்கள். தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கம்பிச் செருப்பை எடுத்து என் இடது காலில் மாட்டிக்கொண்டேன். பூட்ஸுக்குள் என் பாதம் பாதிதான் போனது. வாரை இழுத்துக் கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தேன். இப்படி ஒருத்தி வருவதைப் பார்த்தால் அம்மா இடுப்பில் தூக்கிக்கொள்வாள், பால் கொடுப்பாள், சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சத்தத்தில் தங்கச்சி எழுந்துவிட்டாள். "கழட்டு! அது என்னுது!"

"நீதான் போடறதே இல்லையே."

"போடாட்டியும் என்னுது. உனக்குத்தான் காலு இருக்குதில்ல!"

"நீயே வெச்சிக்கோ இந்தக் காலை. எனக்கு வேணாம்."

"குடு அப்போ!"

தவழ்ந்து வந்து என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கழன்று வந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினாள் போல, அப்படி இழுத்தாள். நான் விழுந்தேன். அவள் முடியைப் பிடித்தேன், அவள் என் கையைக் கடித்தாள். அம்மா வந்து பார்த்தபோது இரண்டு பேரும் தரையில் உருண்டு அழுதுகொண்டிருந்தோம். அடி எனக்கு மட்டும்தான் விழுந்தது. அவளுக்கு என் கால் மேல் பொறாமை இருந்தது என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். அதனால் அவள்மேல் பாசம் வந்துவிடவில்லை. எனக்குக் கால் நன்றாக இருப்பதற்கே இவ்வளவு வெறி என்றால் இவள் என்னை எப்போது நிம்மதியாக இருக்கவிடுவாள் என்றுதான் தோன்றியது.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் டீச்சர் வந்தார். பெண் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார். நான் முதலில் வந்தேன். தினமும் ஒருத்தியைச் சுமந்துகொண்டு நடந்த கால், சும்மா ஓடவிட்டால் பறக்காமல் என்ன செய்யும்? பாலக்கோட்டில் நடக்கும் போட்டிக்கு என் பேரை எழுதிக்கொண்டார். சாயந்திரம் ஒரு மணி நேரம் பயிற்சி. வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் தங்கச்சியை மைதானத்து ஓரம் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். நான்கு நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "என்ன எறும்புல உக்கார வெச்சுட்டு இவ ஓடி வெளையாடறா" என்றாள். காலில் இரண்டு தடிப்பு காட்டினாள். எறும்பு கடித்ததா, அவளே கிள்ளிக்கொண்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஓட்டமும் வேணாம், ஆட்டமும் வேணாம்" என்றாள் அம்மா. "உனக்கு ரெண்டு காலு இருக்குதுன்னு அவ முன்னால ஆடிக் காட்டறியா?"

மறுநாள் சாயந்திரம் முனியப்பன் கோயில் வந்ததும் தங்கச்சியை அங்கிருந்த கல்லில் இறக்கி வைத்தேன். அவளுடைய பைக்கட்டை மடியில் போட்டேன். பேசாமல் நடந்தேன். ஏரிக்கரையில் ஏறியதும் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை, அழவுமில்லை. நான் திரும்பி வரமாட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். முதுகு லேசாக இருந்தது. பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

"பாப்பா எங்கடி?" என்றாள் அம்மா.

"முனியப்பன் கோயில்ல."

"யாருகூட?"

"யாரும் இல்ல."

அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்பா காட்டிலிருந்து ஓடினார். அவர்கள் வரப்பைத் தாண்டுவதற்குள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாட்டு வண்டியில் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "என்னாங்க இது, புள்ளையைத் தனியா நடக்க வுட்டிருக்கீங்க?" என்றார். "நான் பாக்கறப்ப ஏரிக்கரை பூரா தாண்டி இந்தப் பக்கம் எறங்கிட்டா. ஒரு கையில குச்சி, ஒரு கையால முட்டியை அழுத்திப் புடிச்சிக்கிட்டு வரா. தூக்கறேன்னு கிட்ட போனா குச்சியாலயே அடிக்கறா."

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. தங்கச்சியின் உள்ளங்கை தோல் உரிந்து ரத்தமாக இருந்ததைத்தான் பார்த்தாள். விளக்குமாறு எடுத்தாள். நான் ஓடவில்லை, நின்று வாங்கிக்கொண்டேன். தங்கச்சி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடி கொஞ்சம் ஓய்ந்தபோது, "காலு மேல போடும்மா" என்றாள்.

அதைக் கேட்டு அம்மாவே ஒரு கணம் நின்றுவிட்டாள். அப்புறம் விளக்குமாற்றை எறிந்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசலில் இருந்தோம். எட்டு வயதும் பன்னிரண்டு வயதுமான இரண்டு பிள்ளைகள் அவ்வளவு வெறுப்போடு பார்த்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பொறாமை தானாகப் போய்விடும் என்பார்கள். தானாக எதுவும் போகவில்லை.

அந்த மாதம் சேலத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள் அம்மா. அன்பினால் இல்லை. தங்கச்சி கனத்துவிட்டாள், ஆஸ்பத்திரிப் படியில் தூக்க ஆள் வேண்டும். எதற்காக இருந்தால் என்ன, சேலம் போகிறேன் என்று நான் விடியற்காலையிலேயே தலை பின்னி உட்கார்ந்திருந்தேன். தர்மபுரியில் பஸ் மாறினோம். தொப்பூர் கணவாயில் வளைவுகள் ஆரம்பித்ததும் தங்கச்சி வாந்தி எடுத்தாள். ஒரு முறை இல்லை, சேலம் போகும்வரை எடுத்தாள். அம்மா பழகிப்போனவள் மாதிரி மடியில் ஒரு துணியை விரித்து வைத்திருந்தாள். இவள் சொன்ன கதைகளில் இந்த வாந்தி வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. தங்கச்சியைப் படுக்க வைத்து, மடங்கிப்போன பாதத்தைப் பிடித்து நிமிர்த்தினார். தங்கச்சி பாவாடை நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அது எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலிபர் எங்கம்மா?" என்றார் டாக்டரம்மா.

"வூட்ல இருக்குதுங்க."

"வீட்டுல அதை யார் போட்டுக்கிட்டு நடக்கறாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வார் கடிக்குதுன்னு அழுவறாளுங்க. நடந்தா விழுந்துடறா."

"விழட்டும். விழாம எந்தப் பிள்ளை நடந்தது? நான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறா?"

"இவதாங்க, பெரியவ. தூக்கிக்கிட்டுப் போறா" என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள். குரலில் ஒரு பெருமை இருந்தது. அதுவரை என்னைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவின் குரலில் நான் கேட்காத பெருமை.

டாக்டரம்மா என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். சட்டைக்கு மேலேயே இரண்டு தோளையும் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தோள் இறங்கியிருக்கு, பாத்தீங்களா? ரெண்டு பிள்ளையையும் சேர்த்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. தூக்கிட்டே இருந்தா சின்னவளுக்குக் கால் என்னைக்கும் வராது. அவ உள்ளங்கையில காஞ்ச புண்ணைப் பாருங்க. அவ ஏற்கெனவே குச்சி பிடிச்சு நடக்கறா. நீங்கதான் விடமாட்டேங்கறீங்க."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம். கிள்ளு, கடி, சவாரி என்ற பேர், ஓட்டம் போனது, விளக்குமாற்று அடி. இவ்வளவும் அவளுக்கு உதவியாகவாவது இருந்திருந்தால் சரி. அதுவும் இல்லையாம், கெடுதலாம். அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. களை எடுக்கப் போனாள் என்று ஊர் சொன்னபோதெல்லாம் அப்படித்தான் இருக்கும். எனக்கு அவள்மேலும் இரக்கம் வரவில்லை.

அப்புறம் அந்த ஓட்டல். மேசையின் மேல் சலவைக்கல் இருந்தது. தோசை பெரியதுதான், சட்னி இரண்டுதான். தங்கச்சி ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். குமட்டியது. தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீயே தின்னு."

"எப்பவும் இப்படித்தானா? தின்ன முடியாதா?"

"பாதி தின்னுவேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எப்பவாச்சும்" என்றாள்.

இரண்டு தோசையையும் நான் தின்றேன். நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் நான் பொறாமைப்பட்ட தோசை இது இல்லை. அது அவள் சொன்ன கதையில் மட்டும்தான் இருந்தது. ஏமாந்துபோனேன் என்று வெட்கமாக இருந்தது. அவள் என்னை ஏமாற்றியதற்கு ஆத்திரப்பட வேண்டும் என்று முயன்றேன். ஆத்திரம் முன்னைப்போல வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா நேராக முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். "இனிமே நீ தூக்க வேணாம்" என்றாள் என்னிடம். தங்கச்சியிடம், "நீ தூக்கச் சொல்லிக் கேக்கவும் வேணாம்." தர்மபுரி நெருங்கும்போது, "அந்தப் பேச்சை இனிமே நான் பேசமாட்டேன்" என்றாள்.

"எந்தப் பேச்சு?"

"காலு பேச்சு."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் காலத்தில் எந்த அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள்?

தர்மபுரியில் குதிரை வண்டிக்குச் சேணம் தைக்கும் பாய் ஒருவர் இருந்தார். கம்பிச் செருப்பை அப்பா அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வார்களுக்கு உள்பக்கம் மெத்தென்று துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து வீட்டில் போர். அம்மா காலையில் சீக்கிரம் எழுந்து தங்கச்சிக்கு அதை மாட்டி, வரப்பில் இறக்கிவிட்டு, பத்தடி பின்னால் நடந்தாள். தங்கச்சி விழுவாள். அம்மா தூக்கமாட்டாள். "நீ அம்மாவே இல்ல, போ" என்று தங்கச்சி கத்துவாள். மண்ணை அள்ளி எறிவாள். அம்மா சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அங்கேயே நிற்பாள். தூக்காமல் இருப்பதற்கு அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்திருப்பாள்.

நான் அவர்களுக்கு முன்னால் தனியாகப் போனேன். நினைத்த அளவுக்கு அது சுகமாக இல்லை. முதல் வாரம் முழுக்க, பழக்கத்தில் முன்னால் குனிந்தே நடந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் 'சவாரி' என்று கூப்பிட்டவர்கள் இப்போது தங்கச்சியின் நடையைப் பின்னாலிருந்து நடித்துக் காட்டினார்கள். நான் போய்த் தடுக்கவில்லை. அவளே ஒருவனைக் குச்சியால் முழங்காலில் அடித்து அழவிட்டாள். அன்றைக்கு ஒரு கணம் அவளைப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா புதிதாக ஒரு நியாயம் ஆரம்பித்தாள். வெந்த முட்டையை நூலால் இரண்டாக அறுப்பாள். கோடு கொஞ்சம் தவறினால் நாங்கள் இரண்டு பேரும் கத்துவோம். "நடுவுல இல்ல!" என்போம். அம்மாவுக்குச் சில நேரம் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிடும். "உனக்குத்தான் ரெண்டு..." என்று ஆரம்பித்து, "ரெண்டு பாவாடை இருக்குதே" என்று முடிப்பாள். கிழியாமல் இருந்தது ஒன்றுதான். ஆனால் அவள் வாயை அடக்கிக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தியாக இருக்கும்.

டிரில் டீச்சரிடம் அம்மாவே வந்து, இவளை ஓடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயந்திரம் என் கிழியாத பாவாடை காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து வைக்கோல் போரிலிருந்து எடுத்தோம். யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அடிக்கவில்லை. அவளைத் தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளியைப் பழம், செங்காய், அடிபட்டது என்று பிரிக்க வேண்டும். அதுவரை அம்மா செய்த வேலை. "இனிமே இது உன் வேலை. நீ சொல்றதுதான் கூடையில போவும்" என்றாள்.

அதில் அவள் கெட்டிக்காரி. எடுத்தவுடனே எது இரண்டு நாளில் கெடும் என்று சொல்லிவிடுவாள். நான் உதவிக்கு உட்கார்ந்தால், "இதப் போயி நல்லதுல போட்டிருக்கற, கண்ணு தெரியலையா?" என்று வெளியே எறிவாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அப்பாவே அவளைக் கேட்டுத்தான் கூடை கட்டுவார். எனக்கு அது வராது. வரவே இல்லை. அதற்காக முதலில் எரிச்சல்பட்டேன், பிறகு ஒரு நாள் எழுந்து ஓடப் போய்விட்டேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் போகும்போது பார்க்கவுமில்லை, அவ்வளவு கவனமாகத் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எங்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. அக்கா தங்கை ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் வந்தது, அதைப் படித்து எழுதினோம், வீட்டுக்கு வந்து அடித்துக்கொண்டோம். என்னைவிட அவளுக்கும், அவளைவிட எனக்கும் ஏதோ ஒன்று நன்றாக வந்தபோதுதான் ஒருத்தியை ஒருத்தி நிம்மதியாக விட்டோம்.

போட்டிக்கு அவளும் வருவேன் என்று அடம் பிடித்துப் பாலக்கோட்டுக்கு வந்தாள். மைதானத்து ஓரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பிச் செருப்போடு நின்று, "ஓடுடி கழுதை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் மூன்றாவதாக வந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "மூணாவதா? ரெண்டு காலும் இருந்துமா?" என்றாள். அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். நான் சிரித்துவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளும் சிரித்தாள். அம்மா மட்டும் ஓங்கிய கையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்காக நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுபதுகள் முழுக்க ஒரே அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் படுத்தோம். அவள் நாக்கு விஷம், என்னுடையதும் குறைச்சல் இல்லை. ஆனால் அவளாகப் பிறந்திருக்கலாமே என்று நான் அதற்கப்புறம் நினைத்ததில்லை. நானாகப் பிறந்திருக்கலாமே என்று அவள் நினைத்தாளா என்று நான் கேட்டதும் இல்லை.

எனக்கு இருபது வயதானபோது நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, வந்துவிட்டாள். அம்மாவின்மேல் களை எடுத்த பழியை முதலில் போட்டவள் அவள்தான். காலையில் தங்கச்சியின் கம்பிச் செருப்பைப் பார்த்துவிட்டு, "சின்னவள அந்த நேரத்துக்குப் பக்கத்து வூட்ல வுட்டுடலாம்" என்றாள். "வம்சத்துல ஏதோ கொறைன்னு நெனைச்சுடுவாங்க."

அப்பா மேலே கூரையைப் பார்த்தார். தங்கச்சிக்குப் பதினாறு வயது. அவளும் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

"அவ எங்கயும் போகமாட்டா" என்றேன். "இங்க, அவங்க முன்னாலதான் உக்காருவா. வேணாம்னா, நானும் பக்கத்து வூட்டுக்குப் போறேன். நீங்களே போயி காப்பி குடுங்க அத்தை."

"என்னாடி பேச்சு இது? உனக்கு நல்லது சொன்னா..."

"எங்களுக்கு நீங்க சொன்ன நல்லதெல்லாம் போதும்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாக எழுந்து, தங்கச்சியின் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். "போயி நல்ல தாவணியா கட்டு" என்றாள்.

வந்தவர்கள் பார்த்தார்கள். என்னைப் பார்த்ததைவிடத் தங்கச்சியின் காலை அதிகம் பார்த்தார்கள். பிறப்பிலேயே இப்படியா என்று ஒரு கிழவி கேட்டாள். "இல்லீங்க, நடுவுல வந்தது. ஒட்டிக்காதுங்க, பயப்படாம பஜ்ஜி சாப்புடுங்க" என்றாள் தங்கச்சி. ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை. பெரிய அத்தை அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் போனாள், அதற்கப்புறம் நான்கு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மூன்றாவது நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளை உனக்குப் புடிச்சிருந்துச்சா?"

"மீசையே சரியில்ல."

"அப்போ எனக்காக ஒண்ணும் சண்டை போடல."

"உனக்காக நான் எதுக்குப் போடறேன்?"

"அதானே பாத்தேன்" என்றாள். பிழிந்து வைத்திருந்த சேலையின் ஒரு முனையை எடுத்துக்கொண்டாள். மறுமுனையை நான் பிடித்தேன். இரண்டு பேரும் உதறிக் கொடியில் போட்டோம்.